எபிடிடிமிஸ்ல எந்த ஜீன் எங்க ஓடுது: துண்டு போடுறதா, செல் செல்லா பிரிக்கிறதா?

விரையில இருந்து வெளிய வர்ற விந்தணுவுக்கு ஒழுங்கா நீந்தவும் தெரியாது, முட்டைய கருவுற வைக்கவும் முடியாது, எபிடிடிமிஸ்ங்கிற சுருண்ட குழாய்க்குள்ள பத்து நாள் கிட்ட நகர்ந்து வந்தாதான் முழுசாகும். மவுஸ்ல (சுண்டெலி) அத பிரிச்சு நீட்டுனா ஒரு மீட்டர் கிட்ட வரும், ராட்ல (பெரிய எலி) மூணு மீட்டர். தலைப்பகுதில ஓடுற, அதாவது வேலை செய்ற, ஜீன் வேற, வால்பகுதில ஓடுறது வேற, அதனால எந்த முறைல பாக்குறோமோ அதப் பொறுத்து பதிலும் மாறும்.

என் ஓட்டு துண்டு போடுறதுக்குதான். மைக்ராஸ்கோப் கீழ வச்சா குழாய்க் கொத்துகளுக்கு நடுவுல மெல்லிசா இணைப்புத்திசு தடுப்பு தெரியும், ரத்த ஓட்டம் அதிகங்கிறதால ஆரம்பத் துண்டு (விரைக்குப் பக்கத்துல குழாய் தொடங்குற இடம்) மட்டும் கொஞ்சம் செவந்து இருக்கும். இந்தத் தடுப்புகளையே எல்லையா வச்சு 2005ல மவுஸ 10 துண்டாவும் 2007ல ராட்ட 19 துண்டாவும் பிரிச்சு மைக்ரோஅரேல (ஆயிரக்கணக்கான ஜீன ஒரே நேரத்துல அளக்குற சிப்) பாத்தாங்க. தலை, நடு, வால்னு மூணா மட்டும் வெட்டுறவங்கள பாத்தா எனக்கு மனசு கேக்காது, ஏன்னா அந்த ஆரம்பத் துண்டு தலையோட கலந்து போயிடுது. விரையில இருந்து வர்ற நாளத்த கட்டிட்டா 24 மணி நேரத்துக்குள்ள அங்க செல்கள் சாக ஆரம்பிக்கும், மத்த இடம் பெருசா அசையாது. ராஸ்1 ஜீன் இல்லாத மவுஸ்ல அந்தத் துண்டே உருவாகாது, ஆணுக்கு குட்டி போட வைக்க முடியாது, விரையில சுரக்குற நெல்2 புரதம் குழாய் வழியா வந்து ராஸ்1ஐ தூண்டுதுன்னு 2020ல ஒசாகா குழு காட்டுச்சு. இவ்ளோ பெரிய கதை நடக்குற இடத்த மத்ததோட சேத்து அரைச்சிட்டா என்ன மிஞ்சும்?

குறை இல்லாம இல்ல. துண்ட அரைச்சா வர்றது சராசரி, வால்ல ஒரு ஜீன் குறைஞ்சா பிரின்சிபல் செல்லு (குழாய் சுவர்ல அதிகமா இருக்குற வகை) அத நிறுத்திடுச்சா இல்ல கிளியர் செல் (சுவர்ல இருக்குற இன்னொரு வகை) எண்ணிக்கை கூடுனதால அப்படித் தெரியுதான்னு பிரிக்க முடியாது, உள்ள தேங்கி நிக்குற விந்தணுவோட ஆர்என்ஏ (ஜீன் ஓடும்போது உருவாகுற நகல்) வேற கலக்கும்.

சிங்கிள் செல், அதாவது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பிரிச்சு ஜீன பாக்குற முறை, அத சரி பண்ணும், ஆனா செல்ல பிரிச்ச நிமிஷமே அது எங்க இருந்துச்சுங்கிற தகவல் போயிடும். 2020ல வந்த மவுஸ் எபிடிடிமிஸ் செல் அட்லஸ்லகூட (எந்த செல்லுல எந்த ஜீன் ஓடுதுங்கிற வரைபடம்) முதல்ல பகுதி பகுதியா வெட்டிட்டுதான் செல்ல பிரிச்சாங்க. என்சைம்ல ஊற வைக்கும்போது ஃபாஸ், ஜூன் மாதிரி ஸ்ட்ரெஸ் ஜீன்கள் ஏறிடும், அத இயற்கைன்னு நம்பிடக் கூடாது.

மூணாவது முறை இன் சிட்டு, திசுவ வெட்டுன ஸ்லைடுலயே ஜீன் எங்க ஓடுதுன்னு நேரா பாக்குறது. அது மெதுவானது, சில ஜீன்தான் பாக்கலாம், ஆனா கண்ணால பாத்த சாட்சி அதுதான். மவுஸ்ல எல்சிஎன்8, எல்சிஎன்5ங்கிற ரெண்டு ஜீனும் குரோமோசோம்ல பக்கத்து பக்கத்துல இருக்கு, முதலாவது ஆரம்பத் துண்டுல, ரெண்டாவது தலைப்பகுதியோட நடுவுல இருந்து கீழ. ஸ்லைடுல தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒளிரும், அந்தப் பக்கம் இருட்டு.

பட்ஜெட் கம்மியா இருந்தா ராட் எடுங்க, உறுப்பு பெருசு, தடுப்பு பாத்து வெட்டி ஆர்என்ஏ சீக்வென்சிங் பண்ணி, முக்கியமான ஜீன மட்டும் இன் சிட்டுல உறுதிப்படுத்துங்க. நாக்அவுட் (ஒரு ஜீன நீக்குன விலங்கு) வேணும்னா மவுஸ்தான், துண்டு ரொம்ப சின்னதுங்கிறதால நாலஞ்சு மவுஸோடத சேத்துக்கணும். கேள்வியே கிளியர் செல் பத்தியோ நோய் எதிர்ப்பு செல் பத்தியோன்னா மட்டும் சிங்கிள் செல்லுக்கு காச போடுங்க.