‘முழு சர்வீஸ்’ என்று ஒரே வரியில் ரசீது வந்தால் முதலில் ஆம்பின் சேஸிஸைக் கழற்றிப் பாருங்கள்

பட்டறைக்குப் போனது 1966ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற டியூப் கிட்டார் ஆம்ப். கறுப்பு முகப்பு, ஏபி763 சர்க்யூட், 22 வாட். கூடவே போன சீட்டில் மூன்றே வேலைகள் இருந்தன. ஹம் சத்தம் போக, உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும். பழைய இரண்டு கம்பி வயரை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று கம்பி வயர் போட வேண்டும். பவர் டியூபுகளின் பயாஸை, அதாவது சும்மா நிற்கும்போது அவற்றில் எவ்வளவு மின்னோட்டம் ஓடலாம் என்ற அமைப்பை, சரிபார்க்க வேண்டும்.

ஏழு வாரம் கழித்து “முழு சர்வீஸ், டியூப் செட்” என்று ஒரு வரி ரசீதோடு ஆம்ப் திரும்பி வந்தது. சொன்ன மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை. சொல்லாத வேலைகள் பல நடந்திருந்தன. ஆன் செய்தால் வாசிக்கத்தான் செய்தது, அதனால் உள்ளே பார்க்காதவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

உயிருக்கு ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயரை மாற்றியிருந்தார்கள், ஆனால் பேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. அமெரிக்க வயரில் கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். கறுப்பு முதலில் ஃபியூஸ் ஹோல்டரின் நுனி முனைக்குப் போய், அங்கிருந்து சுவிட்ச் வழியாகத்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போக வேண்டும். இங்கே ஃபியூஸும் சுவிட்சும் நியூட்ரலில் இருந்தன. சுவிட்சை அணைத்த பிறகும் டிரான்ஸ்ஃபார்மர் முனைகளில் பேஸ் அப்படியே நிற்கும். பச்சைக் கம்பியை டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டுக்கு அடியில் சும்மா செருகி வைத்திருந்தார்கள். அந்த போல்ட் அதிர்வில் தளரக்கூடியது. எர்த்துக்குத் தனி போல்ட், வளைய முனை, பல் வாஷர் மூன்றும் வேண்டும். பச்சைக் கம்பி மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்க வேண்டும். யாராவது வயரை இழுத்தால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கட்டும்.

பின்பக்கத்துக் கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேஸிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) போகும் 0.047 மைக்ரோஃபாரட் 600 வோல்ட் கெப்பாசிட்டரும் அப்படியே இருந்தது. இதை ‘டெத் கேப்’ என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. அது ஷார்ட் ஆனால் மின்வயரின் ஒரு முனை நேராக சேஸிஸுக்கும், கிட்டார் கம்பிகளுக்கும், வாசிப்பவர் கைக்கும் வந்துவிடும். மூன்று கம்பி வயர் போட்ட அன்றே அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். 2 ஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 5 ஆம்பியர் இருந்தது. இத்தனை தவறும் ஒரே ஆம்பில் இருந்தால் ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது.

அடுத்தது ஹம். டியூபுகள் தொங்கும் பக்கத்தில் நான்கு திருகில் ஒரு தகர மூடி இருக்கும். அதற்குள் 16 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஐந்து வரிசையாக நிற்கும். அவற்றில் முதல் இரண்டும் இணையாகச் சேர்ந்து 32 மைக்ரோஃபாரட். மாற்றச் சொன்னது இந்த ஐந்தைத்தான். மூடியே திறக்கப்படவில்லை. போர்டைப் பார்த்ததும் கண்ணில் படும் 25 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கேத்தோடு கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றிவிட்டு “எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் புதுசு” என்றார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஃபில்டர் காய்ந்தால் வரும் ஹம் 120 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். ஹீட்டர் அல்லது எர்த் கோளாறென்றால் 60 ஹெர்ட்ஸ், ஆழமான மெல்லிய முனகல். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் இவை 100, 50 ஆகும். கேத்தோடு கெப்பாசிட்டர் மாற்றி ஃபில்டர் ஹம் ஒருபோதும் போகாது.

இப்போது கிடைப்பதில் 22 மைக்ரோஃபாரட் 500 வோல்ட் ஐந்து போட்டால் போதும். முதல் இடத்தில் 44 ஆகும். “இன்னும் பெரிதாகப் போடலாம், தாழ்ந்த சுரங்கள் இறுக்கமாக வரும்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் டியூபுக்கு நேராக இணையும் கெப்பாசிட்டரின் உச்ச வரம்பு 60 மைக்ரோஃபாரட். அதைத் தாண்டினால் ஆன் செய்யும் நொடியில் பாயும் மின்னோட்டம் ரெக்டிஃபையரைத் தின்றுவிடும்.

மூடியைத் திறக்கும் முன் வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையில் வையுங்கள். முதல் டியூபின் 1ஆம் பின்னிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கிளிப் வயரைப் போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் மெல்ல இறங்கும். பிறகு ஒவ்வொரு கெப்பாசிட்டரிலும் மீட்டர் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இந்த ஆம்பில் சார்ஜை இறக்கத் தனி ரெசிஸ்டர் கிடையாது. நானூறு வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பயாஸ் கதை இன்னும் மோசம். இரண்டு 6வி6 பவர் டியூபும் புதிது, ‘மேட்ச்டு’ (ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும் ஜோடி) என்று விலை. 8ஆம் பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மில்லிவோல்ட்டில் தெரியும் எண்தான் மில்லிஆம்பியர். ஒன்றில் 39, மற்றதில் 31. டியூபுக்குள் இருக்கும் உயர் வோல்ட் தகடான பிளேட்டில் 405 வோல்ட் இருந்தது. அதாவது முதல் டியூப் சும்மா நிற்கும்போதே கிட்டத்தட்ட 15.8 வாட் எரித்துக்கொண்டிருந்தது. (இந்த அளவில் ஸ்கிரீன் மின்னோட்டமும் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் சேர்ந்திருக்கும்.) 6வி6ஜிடிக்குப் பழைய கணக்கில் 12 வாட், பிந்தைய கணக்கில் 14 வாட்தான் எல்லை. விளக்கை அணைத்துப் பார்த்தால் பிளேட் ஓரம் மங்கலாகச் சிவந்திருந்தது. 12 வாட்டில் எழுபது சதவீதம் என்று பிடித்தால் 21 மில்லிஆம்பியர் அருகில் நிற்க வேண்டும். எட்டு மில்லிஆம்பியர் வித்தியாசமுள்ள ஜோடியை மேட்ச்டு என்று எவரும் விற்கக் கூடாது.

காரணம் எளிது. டியூபின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போகும் நெகட்டிவ் வோல்டேஜ் சுமார் 35 இருக்க வேண்டிய இடத்தில் 27தான் இருந்தது. பயாஸ் சப்ளையில் இருக்கும் 25 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. அதையும் தொடவில்லை. பழைய டியூபைக் கழற்றிப் புதிதைச் செருகினால் பயாஸ் சரியாகிவிடாது. அந்த இடத்தில் 50 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் போடுங்கள். அது நெகட்டிவ் சப்ளை, ஆகவே கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைதான் சேஸிஸுக்கு வரும். பழக்கத்தில் மாற்றிப் போட்டு வெடிக்கவிட்டவர்கள் உண்டு.

மாற்ற வேண்டியதை விட்டவர்கள், மாற்றக் கூடாததை மாற்றியிருந்தார்கள். போர்டில் இருந்த நீல நிற வார்ப்புக் கெப்பாசிட்டர்கள் மொத்தமும் காணோம். அவை எலக்ட்ரோலிட்டிக் அல்ல, ஃபிலிம் வகை. பெரும்பாலும் இன்றைக்கும் கசியாமல் வேலை செய்பவை. பவர் டியூப் கிரிட்டுக்குப் போகும் 0.1 மைக்ரோஃபாரட் இரண்டில் கசிவு இருந்தால் மட்டுமே மாற்ற நியாயம் உண்டு. கழற்றிய பாகங்களைக் கேட்டபோது “குப்பையில் போட்டாச்சு” என்று பதில் வந்தது. அந்த நீலக் கெப்பாசிட்டர்களைத் தனியாகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் வேறு. ஃபெண்டருக்கு அந்தக் காலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் செய்துகொடுத்த ஷூமாக்கரின் எண் 606. அதற்குப் பின்னால் வருவது ஆண்டின் கடைசி எண்ணும் வாரமும். 606-6-32 என்றிருந்தால் 1966, 32ஆம் வாரம். வந்ததில் எந்த எண்ணும் இல்லை. “பழையது எரிந்துவிட்டது” என்றார்கள், எரிந்ததைக் காட்டவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். சார்ஜ் இறக்கி, பவர் டியூபுகளை எடுத்து, ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் பக்கத்துப் பச்சை–கறுப்பு கம்பிகளில் 1 வோல்ட் ஏசி கொடுங்கள். டியூப் பக்கத்து நீலம்–பழுப்பு கம்பிகளுக்கு நடுவே 28, 29 வோல்ட் வர வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு டியூப் பக்கத்தில் சுமார் 6,600 ஓம் என்ற கணக்கு அது. இங்கே 36 வந்தது, அதாவது 10,000 ஓமுக்கும் மேல். வால்யூம் ஏற்றினால் ஆம்ப் ஏன் மூச்சுத் திணறியது என்பதற்கு இதுவே விடை.

ரெக்டிஃபையரை ‘பழைய ஸ்டாக் முல்லார்ட்’ என்று விலை போட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த முல்லார்ட் ஆலையில் செய்த உண்மையான ஜிஇசட்34இல் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் எஃப்32, எஃப்33 போன்ற வகைக் குறியும், அதன் கீழே பி என்று தொடங்கும் ஆலைக் குறியும் சாம்பல் நிறத்தில் பொறித்திருக்கும். பெயரும் டப்பாவும் எதையும் நிரூபிக்காது. முல்லார்ட் என்ற பெயரிலேயே ரஷ்யாவின் சரத்தோவ் ஆலையிலிருந்து புது டியூபுகள் வருகின்றன. அவை மட்டமில்லை, ஆனால் பழையதன் விலைக்கு விற்பது மோசடி.

கேட்காமலே ஒரு மாஸ்டர் வால்யூமும் வைத்து, அதற்குப் பின் தகட்டில் புதுத் துளை போட்டிருந்தார்கள். மாற்றம் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. டெத் கேப்பை எடுத்ததும் கிரவுண்ட் சுவிட்சுக்கு வேலை போய்விடுகிறது, அந்தத் துளை காலியாக இருக்கிறது. பொத்தானோ வால்யூம் குமிழோ அங்கே வைத்தால் நாளைக்கு கழற்றிவிடலாம். வைப்ரேட்டோ சேனலின் கூர்மை பிடிக்கவில்லையென்றால் 47 பிக்கோஃபாரட் பிரைட் கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் தூக்கி விட்டால் போதும். துளை போட்டவனால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆம்பைக் கொடுக்கும் முன் போர்டு, தகர மூடியின் உள்பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் எண்கள், வால்யூம், டோன் குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் உள்ள எண்கள், பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் டியூப் பட்டியலில் குத்திய இரண்டெழுத்து முத்திரை எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்த முத்திரையில் முதல் எழுத்து ஆண்டு. ஆங்கில வரிசையில் முதல் எழுத்து 1951, பதினாறாவது 1966. இரண்டாவது எழுத்து மாதம். கழற்றும் ஒவ்வொரு பாகமும் பையில் திரும்ப வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி, கையெழுத்து வாங்குங்கள். பயாஸ் எத்தனை மில்லிஆம்பியர், பிளேட்டில் எத்தனை வோல்ட் என்று ரசீதில் எழுதித் தர மறுப்பவர் அளந்து பார்க்கவே இல்லை.

அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. அந்த டிரான்ஸ்ஃபார்மர் 117 வோல்ட் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்பு அதிகம் சூடாகும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரை 120இல் வைக்காமல் 110இல் வையுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போடுங்கள். ஸ்டாண்ட்பையில் பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே பிடுங்குங்கள்.