லோகோவுக்குக் கருத்து: திரையில் கேட்பதா, துணியில் கேட்பதா?

ஆடை பிராண்டுக்கு லோகோ வரைந்தாகிவிட்டது. இறுதி செய்யும் முன் நாலு பேரிடம் காட்ட வேண்டும். படமாக அனுப்பித் தெரிந்தவர்களிடம் ஓட்டு வாங்கலாம். காசு கொடுத்து ஒரு டிசைனரைப் பார்க்கச் சொல்லலாம். துணியில் தைத்து மாதிரி எடுத்து, அதைக் கையில் கொடுத்துக் கேட்கலாம். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

முதல் வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் மூன்று படம் போட்டு "எது நல்லாருக்கு?" என்றால், வீட்டு ஆட்கள் மூன்றுமே நல்லாருக்கு என்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த நிறத்தைச் சொல்வார்கள். கூட்டத்தின் குரலுக்கு வலு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010 அக்டோபரில் அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் (Gap) வெளியிட்ட புது லோகோவுக்கு இணையத்தில் கிளம்பிய எதிர்ப்பால், சுமார் ஒரு வாரத்தில் பழைய நீலச் சதுரத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அது பழகிய முகம் மாறியதால் வந்த கோபம். இன்னும் யாருக்கும் பழகாத பிராண்டுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

டிசைனர் விஷயம் வேறு. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லை, வேறொரு பிராண்டின் சாயல் அடிக்கிறது என்பதையெல்லாம் பழகிய கண்தான் பிடிக்கும். கேட்கும்போது வண்ணப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். கறுப்பு-வெள்ளை வடிவத்தையும் 2 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கியதையும் சேர்த்து அனுப்புங்கள். ஆனால் திரைக்கு மட்டும் வரைந்து பழகியவராக இருந்தால், ஊசியும் நூலும் செய்யும் வேலையை அவர் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது அந்த நூல்தான். எம்பிராய்டரிக்கு வழக்கமாகப் போகும் 40-ஆம் எண் நூல் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. தடிமன். அதனால் 1 மி.மீ.க்கும் மெல்லிய கோடு பிசிறடிக்கும். அதைவிடக் குறுகிய இடைவெளி மூடிக்கொள்ளும். எழுத்து உயரம் 5 மி.மீ.க்குக் கீழே போனால் அதைவிட மெல்லிய 60-ஆம் எண் நூலும் மெல்லிய ஊசியும் வேண்டும். தமிழ் எழுத்து லோகோவுக்கு இதில் இரட்டைச் சோதனை. 'வண்ணம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெஞ்சுப் பக்கம் சிறிதாகத் தைத்தால் ண-வின் சுழிகள் அடைத்து, ன-வா ண-வா என்று தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளி ஒரு முடிச்சாகத் துருத்தும், அல்லது துணிக்குள் புதைந்துவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து "சூப்பர்" என்ற யாரும் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொரு கணக்கு, தையல் எண்ணிக்கை. நிரப்பித் தைக்கும் இடத்துக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,000 தையல் போகும். நிமிடத்துக்கு 700 தையல் ஓடும் மெஷினில் 10,000 தையல் லோகோவுக்கு 14 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதையே கோட்டு வடிவமாக்கி 5,000-க்குக் கொண்டுவந்தால் பாதி நேரம். கூலியும் பெரும்பாலும் தையல் கணக்கில்தான். டிசைன் செலவு ஒரு முறை; இது ஒவ்வொரு சட்டைக்கும் வரும். ஆகவே கருத்துக் கேட்க வேண்டிய முதல் ஆள், பஞ்சிங் போடுபவர், அதாவது லோகோவை எம்பிராய்டரி மெஷின் தைக்கக்கூடிய கோப்பாக மாற்றுபவர். "எந்த இடம் உங்களுக்குத் தலைவலி?" என்ற ஒரு கேள்வி போதும்.

மாதிரியை வெறும் துண்டுத் துணியில் எடுக்காமல், விற்கப்போகும் அதே துணியில் எடுங்கள். பின்னலாடை இழுபடும், அதனால் அடியில் பேக்கிங் (backing) எனும் தாங்கு துணி வேண்டும், அதுவும் தைத்தபின் ஓரத்தை வெட்டி எடுக்கும் வகை. போலோ டி-ஷர்ட்டுக்குப் போகும் மேடுபள்ளமான பிக்கே துணியில் தையல் அமுங்கும், மேலே நீரில் கரையும் படலம் வைக்கச் சொல்லுங்கள். தைத்ததும் மூன்று தடவை துவைத்து உலர்த்துங்கள். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது. லோகோவைச் சுற்றித் துணி சுருக்கம் விழுவது அப்போதுதான் தெரியும். வாங்குபவர் பார்க்கப்போவதும் அந்தக் கோலத்தைத்தான்.

பிறகு அதை ஒருவருக்குப் போட்டுவிட்டு, வாங்கக்கூடிய பத்துப் பேருக்கு மூன்று மீட்டர் தள்ளி ஐந்து நொடி காட்டுங்கள். "பிடிக்குதா?" வேண்டாம். "என்ன எழுதியிருக்கு? என்ன விலை இருக்கும்? ஞாபகம் இருக்கிறதை வரைஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். பத்துப் பேர் பதில் புள்ளிவிவரம் ஆகாது. ஆனால் நாலு பேர் பெயரைத் தப்பாக வாசித்தால் அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

எல்லாரும் தையல் மாதிரிக்கு அலைய வேண்டும் என்றில்லை. டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் மட்டும்தான் என்றால் நூல் கட்டுப்பாடு போய்விடும். அங்கே கேள்வி, எத்தனை நிறம் என்பது. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்), கறுப்புத் துணி என்றால் அடியில் வெள்ளைக்கும் ஒன்று. மை பரவி மெல்லிய வெள்ளைக் கோடுகள் மூடுகிறதா என்று ஒரு சோதனை அச்சு சொல்லிவிடும்.

டிசைனருக்குக் காசு கொடுப்பதாக இருந்தால், துவைத்த தையல் மாதிரிக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து வரைபடக் கோப்போடு அனுப்புங்கள்.