எய்ம் மைக்ரான் 5: தகுதிச்சுற்றில் பாதியில் விட்ட லேப்

கோ-கார்ட் எனும் சிறு பந்தய வண்டிகளின் தகுதிச்சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். புது டயர் உச்சப் பிடிப்பைத் தருவதோ பெரும்பாலும் ஓரிரு லேப்களுக்குத்தான் (லேப் என்பது தடத்தை ஒருமுறை சுற்றிவருவது). ஸ்டீயரிங்கில் மாட்டும் எய்ம் மைக்ரான் 5 என்ற இந்த லேப் டைமர் அந்த லேப்பைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

இதை வாங்குவதே டெல்டாவுக்காக, அதாவது நல்ல லேப்புக்கும் இப்போதைய லேப்புக்கும் உள்ள நேர வித்தியாசத்துக்காக. உள்ளே இருக்கும் ஜிபிஎஸ், கார்ட் நிற்கும் இடத்தை வினாடிக்கு 10 முறை குறிக்கிறது. முன்பு ஓடிய நல்ல லேப்போடு ஒப்பிட்டு, இந்த இடத்தில் முந்தியிருக்கிறோமா பிந்தியிருக்கிறோமா என்று ஓடும்போதே காட்டிவிடும். நேர்ப்பாதையில் ஒரு பார்வை போதும். பிரேக் பிடிக்கும் இடத்தில் திரைப்பக்கமே கண் போகக்கூடாது.

பலர் சறுக்குவது ஒப்பிடும் லேப்பில்தான். முன்னால் போன கார்ட்டின் காற்றுமறைவில் (காற்றுத் தடை குறைந்து நேர்ப்பாதையில் வேகம் கூடும்) ஓடிய லேப் அளவுகோலாக நின்றுவிட்டால், தனியாக ஓடும்போது நேர்ப்பாதை முடிவில் 0.15 வினாடி பிந்தியதாகக் காட்டும். வளைவுகளில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் ஓட்டுநர் அந்த லேப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தயாராவார். அதற்குள் பின் டயர் அதிகம் சூடாகி வழுக்கத் தொடங்கிவிடும். நேர்ப்பாதையில் மட்டும் விழும் இழப்பைப் பொருட்படுத்தவே வேண்டாம். வளைவிலேயே 0.3 போனால்தான் விடலாமா என்று யோசிக்க வேண்டும்.

கூரைக்கு அடியில் வரிசையில் நிற்கும்போது ஸ்விட்ச் போட்டால் சிக்னல் தாமதமாகக் கிடைக்கும். முதல் லேப் பதிவாகாமலே போகலாம். சில நிமிடங்கள் முன்பே வெட்டவெளியில் போட்டுவைக்க வேண்டும். எஞ்சின் சுழற்சி வேகத்தை அளக்கும் ஆர்பிஎம் கம்பி, ஸ்பார்க் பிளக் வயரில் தளர்வாகச் சுற்றியிருந்தால் எண் தாறுமாறாகத் துள்ளும்.

நேரத்தின் துல்லியத்துக்கும் எல்லை உண்டு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இரண்டு ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு இடையே கார்ட் 2.8 மீட்டர் ஓடிவிடுகிறது. இடைப்பட்டதைக் கணக்குப் போட்டு நிரப்புவதால், அதிகாரப்பூர்வ நேரம் எடுக்கக் கார்ட்டில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரின் நேரத்தோடு கடைசி இலக்கங்கள் பொருந்தாமல் போகலாம். தடத்தில் லேப் நேரம் எடுக்கக் காந்தப்பட்டை பதித்திருந்தால் அதற்கான ரிசீவரைத் தனியாக வாங்கிச் சேர்ப்பது நல்லது.

சுற்று முடிந்ததும் வைஃபை வழியே பதிவை எய்ம் நிறுவனத்தின் ரேஸ் ஸ்டுடியோ 3 மென்பொருளுக்கு இறக்கி, செக்டர்களின் (தடத்தைப் பிரித்த பகுதிகளின்) சிறந்த நேரங்களைக் கூட்டிப் பாருங்கள். உண்மையில் ஓடிய சிறந்த லேப்பைவிட அது வெகுவாகக் குறைந்திருந்தால், வேகம் கார்ட்டில் இருந்திருக்கிறது, ஒரே லேப்பில் சேரவில்லை. காற்றுமறைவில் கிடைத்த செக்டரை மட்டும் அந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள்.