இரண்டு நட்சத்திரம், அதுவும் சிமண்ட்ஸுக்காக

மகள் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் தங்கிய விடுதி கிளிஃப்டன் ஹில் ஹவுஸ். பெட்டிகளை இறக்கப் போனபோதுதான் அது விக்டோரியா கால விமர்சகர் ஜான் ஆடிங்டன் சிமண்ட்ஸ் வளர்ந்த வீடு என்று தெரிந்தது. அந்த ஆர்வத்தில் இணையத்தில் 9 பவுண்டு கொடுத்து வாங்கியது இந்த மறுபதிப்பு. இத்தாலியச் சிற்பி மிக்கேலாஞ்சலோ, தத்துவவாதி கம்பனெல்லா இருவரின் சானெட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். 1878இல் சிமண்ட்ஸ் மொழிபெயர்த்தவை.

அச்சு மகா மோசம். பழைய பிரதியை ஸ்கேன் செய்து அப்படியே அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் யாருடைய கட்டைவிரலோ விழுந்திருக்கிறது. சரி, அதை மன்னிக்கலாம். ஆனால் உள் ஓரம் விடவே இல்லை. வலப்பக்கத் தாள்களில் வரியின் முதல் எழுத்தை பைண்டிங் விழுங்கிவிடுகிறது. முன்னுரையில் மிக்கேலாஞ்சலோவின் தோழியான கவிஞர் விட்டோரியா கொலோன்னா பற்றி வரும் இடத்தில் ‘ஷீ’யின் முதல் எழுத்து மடிப்புக்குள் போய், ‘ஹீ’ மட்டும் நிற்கிறது. அவள் அவனாகிவிட்டாள்!

வேறு புத்தகமென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த முன்னுரையில் அது உயிர்நிலை. மிக்கேலாஞ்சலோ கவிதைகளை 1623இல் அச்சிட்டவர் அவருடைய தம்பியின் பேரன். தொம்மாசோ கவாலியேரி என்ற இளைஞனுக்கு எழுதியவற்றில் ‘அவன்’ வந்த இடங்களை ‘அவள்’ ஆக்கிவிட்டார் மனிதர். 1863இல் குவாஸ்தி என்ற இத்தாலிய அறிஞர் கையெழுத்துப் படிகளைப் பார்த்துச் சரிசெய்தார். சிமண்ட்ஸ் அந்தப் பாடத்தையே எடுத்துக்கொண்டு, பேரன் செய்த வேலையை முன்னுரையில் போட்டு உடைக்கிறார். இவரும் ஆண்களைக் காதலித்தவர்தான். மனைவி, நான்கு பெண்கள். தன் கதையை எழுதி வைத்தாரே தவிர வெளியிட முடியவில்லை. அது லண்டன் நூலகத்தில் பூட்டிக் கிடந்து, அவர் இறந்து 91 வருடம் கழித்து 1984இல்தான் அச்சேறியது.

மொழிபெயர்ப்பு எப்படி? இயைபுக்காக அங்கங்கே இழுத்துக் கட்டியிருக்கிறார். மிக்கேலாஞ்சலோவின் கரடுமுரடு வழவழவென்று ஆகிவிடுகிறது. சிமண்ட்ஸைப் புதிதாகப் படிப்பவர்கள் 1888இல் அவர் கொண்டுவந்த செல்லினி சுயசரிதையில் தொடங்கலாம். அந்தச் சண்டைக்காரப் பொற்கொல்லனின் வாய்த்துடுக்கு ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கிறது.

காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்ட நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்தப் பதிப்பை வாங்காதீர்கள். புகார் செய்ததும் விற்றவர்கள் பாதிப் பணத்தைத் தந்து, புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விழுங்கப்பட்ட எழுத்துகளை இலவசப் பிரதியைப் பார்த்துப் பென்சிலால் எழுதி வருகிறேன். முன்னுரை முடிந்துவிட்டது.