அடுப்பை மாட்டியது நீங்களா என்று கேட்கும் விறகு வியாபாரி

விறகு வாங்கப் போகிறவர்கள், அதிலும் அடுப்பையும் புகைக்குழாயையும் சொந்தக் கையால் பொருத்திக்கொண்டவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுவது கடைசி வழி. குழாய் ஒழுகினாலும், கதவு தொய்ந்து தரையைத் தேய்த்தாலும், காரில் பிரேக் கிறீச்சிட்டாலும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான். குளிருக்காக வாங்கிய இரும்புக் கணப்பு அடுப்பையும் நானே நிறுத்தினேன். புகைக்குழாயை மூட்டு மூட்டாக ஏற்றி, கூரையைத் துளைத்து, மழைநீர் இறங்காதபடி தகடும் அடித்தேன். முதல் குளிர்காலம் முழுக்க அடுப்பு சொன்னபடி கேட்டது. அப்போது எரித்தது, நண்பர் ஒருவரின் கொட்டகையில் இரண்டு வருடம் பிளந்து கிடந்த மரம். அது தீர்ந்த பிறகுதான் வியாபாரியிடம் போனேன்.

"வெட்டி ஒரு வருடம் ஆகிவிட்டது சார். நன்றாகக் காய்ந்த விறகு. அடுக்கினால் மூன்று கன மீட்டர் வரும்" என்றார் தொலைபேசியில். மதியம் வருவதாகச் சொன்ன வண்டி இருட்டிய பிறகு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டைகளின் முனைகள் சாம்பல் நிறம் ஏறி, நடுவிலிருந்து நட்சத்திரம் போல வெடித்திருந்தன. காய்ந்த விறகுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நினைத்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கட்டைகளைக் கொட்டிவிட்டுக் கிளம்பும்போது இலவசமாக ஒரு யோசனையும் சொன்னார்: "தார்ப்பாயை மேலே போட்டு நாலு பக்கமும் தரை வரை இழுத்துக் கட்டிவிடுங்கள் சார். ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகாது."

அப்படியே கட்டினேன். உள்ளே போகவில்லை என்பது உண்மைதான். உள்ளே இருந்த ஈரம் வெளியே வரவும் இல்லை.

முதல் நாளே அடுப்பு சிணுங்கியது. கட்டை பற்றவில்லை, சீறியது. முனையில் நுரை கட்டி, குமிழ் குமிழாகத் தண்ணீர் வடிந்து, அடுப்பின் தகட்டில் விழுந்து சுண்டியது. இரண்டு மணி நேரத்தில் கதவின் கண்ணாடி கறுத்துப் போனது. திறந்தால் புகை முகத்தில் அறைந்தது. சுள்ளியை அள்ளிப் போட்டு ஊதி ஊதி எழுப்பினால், சுள்ளி தீர்ந்ததும் கட்டை மறுபடி கரியாகிப் படுத்துக்கொண்டது.

யாருக்கும் உடனே விறகின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். எனக்கு என் மேல் வந்தது. சொந்தமாக வேலை பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எது கெட்டாலும் தன் கையில்தான் எங்கோ பிழை என்று தோன்றும். காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்திருந்தால் மறுநாளே சண்டைக்குப் போயிருப்பேன். நானே செய்ததால் மூன்று வாரம் என்னோடு நானே சண்டை போட்டேன். கதவைச் சுற்றிய தீத்தடுப்புக் கயிறு தளர்ந்திருக்குமோ என்று புதிதாக வாங்கி ஒட்டினேன். புகைக்குழாயைக் கழற்றித் தூரிகை விட்டேன். காற்றுத் தகட்டை அவிழ்த்து மாட்டினேன். குழாயின் உயரம் போதவில்லையோ என்று, காற்று வீசிய ஒரு நாளில் ஏணி போட்டுக் கூரை ஏறி இன்னொரு துண்டு சேர்த்தேன். அந்த ஏணியை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வொன்றைச் செய்ததும் ஒரு நாள் கொஞ்சம் தேவலை போலத் தெரியும். அதுதான் கொடுமை.

கடைசியில் வியாபாரியைக் கூப்பிட்டேன். புகார் சொல்லக்கூட இல்லை, யோசனை கேட்கத்தான் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அடுப்பை மாட்டியது யார் சார்?"

"நான்தான்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியா, அதுதான் பார்த்தேன்" என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. மீதியை என் வெட்கமே பார்த்துக்கொண்டது.

இதே கேள்வியை முன்பு ஒருமுறை இன்னொரு கடைக்காரர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். காருக்கு பிரேக் பேடு வாங்கிப் பொருத்தினேன். சில நாளில் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. கழற்றி அளந்தால், ஒரே பெட்டியில் வந்த நான்கில் இரண்டின் உராய்வுப் பட்டை மற்ற இரண்டைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்திருந்தது. கடைக்காரர் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. "நீங்களே மாட்டினீர்களா?" என்றார். கதை முடிந்தது. மாட்டுவதற்கு முன் அளந்து, படம் எடுத்து வைக்காததற்கு நான் கொடுத்த அபராதம் அது. அன்றிலிருந்து காருக்கு எது வாங்கினாலும் பார்த்துத்தான் வாங்குகிறேன். டயர் என்றால், பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைத் தேடிப் படிக்காமல் கை வைப்பதில்லை. 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. புதிது என்று யார் சத்தியம் செய்தாலும் சரி. விறகில் அப்படி எண் எதுவும் அச்சடித்து வருவதில்லையே என்று நினைத்தேன். அதிலும் படிக்க இடம் இருக்கிறது, நான்தான் தவறான பக்கத்தைப் படித்திருக்கிறேன்.

விஷயம் வெளிப்பட்டது கோடாலியால். சிம்பு தேவைப்பட்டதால் நடுத்தரக் கட்டை ஒன்றை எடுத்து இன்னொரு முறை பிளந்தேன். காய்ந்த மரம் பிளக்கும்போது எழும் அந்தத் தெறிப்புச் சத்தமே இல்லை. கோடாலி சதக்கென்று இறங்கியது. பிடுங்கி எடுத்தபோது அதன் வாய் நனைந்திருந்தது. பிளந்த முகத்தில் உள்ளங்கையை வைத்தேன். ஈரச் சுவரைத் தொட்டது போல ஜில்லென்றிருந்தது. பச்சை மரத்தின் புளித்த வாடை கையிலும் ஒட்டிக்கொண்டது.

நண்பரிடமிருந்து ஈரமானியை வாங்கி வந்தேன். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால், அவற்றுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்லும் சின்னக் கருவி. கட்டையின் வெளிப்பக்கத்தில் 16 சதவீதம் காட்டியது. புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையில் குத்தியபோது 38. முப்பதைத் தாண்டினால் இந்த வகைக் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நம்பவும் வேண்டியதில்லை, எரிக்கிற விறகு 20-க்குக் கீழே இருக்க வேண்டும். அன்று பன்னிரண்டு கட்டைகளைப் பிளந்து பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

அப்படியானால் முனையில் இருந்த வெடிப்பு? மரத்துக்குள் நீர் ஏறும் குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் வெட்டிய முனை வழியாக ஈரம் வெளியேறுகிற வேகம், பக்கவாட்டில் வெளியேறுவதைப் போலப் பத்திலிருந்து பதினைந்து மடங்கு. முனை சில வாரங்களிலேயே உலர்ந்து சுருங்கி வெடித்துவிடும். நடுப்பகுதி பச்சையாகவே கிடக்கும். ஒரு வருடம் என்று அவர் சொன்னதும் முழுப் பொய்யாக இருக்காது என்பதுதான் என் கணிப்பு. பட்டையோடு உருண்டையாக ஒரு வருடம் கிடந்திருக்கும், கொண்டு வருவதற்கு முந்தின வாரம் பிளந்திருப்பார். பட்டை மரத்துக்கு மழைக்கோட்டு மாதிரி. பிளந்த நாளிலிருந்துதான் விறகு ஒழுங்காகக் காயத் தொடங்குகிறது. ஆகவே "வெட்டி எத்தனை நாள்" என்று கேட்காதீர்கள். "பிளந்து எத்தனை நாள்" என்று கேளுங்கள்.

அளவிலும் ஒரு கைவரிசை இருந்தது. கொட்டிக் கிடந்ததை ஒழுங்காக அடுக்கி டேப்பால் அளந்தேன். இரண்டு கன மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. வண்டியின் தொட்டியில் தாறுமாறாக எறிந்த நிலையில் மூன்று இருந்திருக்கும், அதில் பெரும்பங்கு காற்று. அவர் சொன்னதோ "அடுக்கினால்".

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது புகைக்குழாயை இரண்டாம் முறை திறந்தபோது. முதல் வருடம் அதில் இருந்தது உதறினால் உதிரும் கரித்தூள். இப்போது உட்சுவர் முழுக்கக் கறுப்பு அரக்கு பூசியது போலப் பளபளத்தது. தூரிகை அதன்மேல் வழுக்கியது. ஈர விறகில் தீயின் உழைப்பில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே போய்விடுகிறது. புகை சூடில்லாமல் மெதுவாக ஏறி, குளிர்ந்த குழாயில் தாராகப் படிகிறது. பிறகு ஒரு நாள் நல்ல காய்ந்த கட்டை கிடைத்துத் தீ கொழுந்துவிட்டால், அந்தத் தாரே குழாய்க்குள் பற்றிக்கொள்ளும். கூரைக்குத் தீ போகும் வழி அது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் என் கொள்கையை மீறி, புகைபோக்கி சுத்தம் செய்பவரை வரவழைத்தேன். அவர் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பை யார் மாட்டியது என்று கேட்கவில்லை. "எங்கே விறகு வாங்கினீர்கள்?" என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை. அன்று மாலையே வாங்கி மாட்டினேன்.

விறகைத் திருப்பித் தர முடியவில்லை. இறக்கியது இறக்கியதுதான் என்றார் வியாபாரி; படங்களை அனுப்பியதும் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். தார்ப்பாயைப் பிரித்தால் கீழ் வரிசைகளில் வெள்ளைப் பூஞ்சை. மொத்தத்தையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மரச் சட்டங்களின் மேல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மறுபடி அடுக்கினேன். சுவரை ஒட்டி அடுக்கினால் காற்று வராது, கரையானுக்கு வீட்டுக்குள் வர நாமே பாலம் போட்டதாகவும் ஆகும். தடிமனான கட்டைகளை இன்னொரு முறை பிளந்தேன். மேலே மட்டும் தகரம் போட்டேன், பக்கங்களைத் திறந்தே விட்டேன். மேல் வரிசைக் கட்டைகளைப் பட்டை வானத்தைப் பார்க்கும்படி வைத்தேன். அந்தப் பருவத்துக்கு வேறு இடத்தில் சிறிது சிறிதாக வாங்கிச் சமாளித்தோம்.

ஒரு கட்டையில் மட்டும் சாக்குக்கட்டியால் குறி போட்டு எடை போட்டேன்: 2 கிலோ 100 கிராம். மாதம் ஒருமுறை அதே கட்டை, அதே தராசு. ஏழு மாதம் கழித்து 1 கிலோ 700. ஒரே கட்டையிலிருந்து 400 மில்லி தண்ணீர் போயிருக்கிறது. விறகு விலையில் நான் வாங்கிய தண்ணீர் அது. இப்போது இரண்டு கட்டைகளைத் தட்டினால் டொக்கென்று மணி மாதிரி கேட்கிறது. வாங்கிய அன்று தொப்பென்றுதான் கேட்டது. அன்றும் என் காதில் விழத்தான் செய்தது, வெடிப்பைப் பார்த்த மயக்கத்தில் பொருட்படுத்தவில்லை.

அடுத்த குளிருக்கு முன்னால் அதே வியாபாரியிடமிருந்து அழைப்பு. என்னை நினைவில்லை போல. "காய்ந்த விறகு இருக்கிறது சார், பிளந்து ஒரு வருடம்." நல்லது, பகலில் கொண்டு வாருங்கள், இறக்குவதற்கு முன் நான் காட்டுகிற ஐந்து கட்டைகளைப் பிளந்து நடுவில் ஈரம் பார்ப்போம், கோடாலியும் கருவியும் என்னிடம் இருக்கின்றன, பணம் அதன் பிறகு என்றேன்.

வண்டி அந்தப் பக்கம் வராது சார் என்றார்.