அனிமே ஃபிகர் வாங்க எந்தப் படத்தை நம்புவது: கம்பெனி படமா, வாங்கியவர் படமா?

லாங் பஜாரில் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல ஜப்பான் அனிமே ஃபிகர்களை, அதாவது அனிமே கதாபாத்திரங்களின் சிறு பொம்மைகளை, வாங்க முடியாது. வேலூரில் இருந்துகொண்டு ஆன்லைன் படத்தை நம்பித்தான் காசு கட்ட வேண்டும்.

கம்பெனி படத்தில் இருப்பது பெரும்பாலும் கவனமாக வண்ணம் தீட்டிய முன்மாதிரி. கைக்கு வருவது கொஞ்சம் மாறலாம் என்று குட் ஸ்மைல் போன்ற நிறுவனங்களே குறிப்பிட்டுவிடுகின்றன. நிற்கும் விதம், உடன்வரும் பாகங்கள், உயரம் தெரிந்துகொள்ள இது போதும். 1/7 அளவு என்றால், 160 செ.மீ. கதாபாத்திரம் சுமார் 23 செ.மீ. வரும்.

என் ஓட்டு வாங்கியவர் படத்துக்குத்தான், டியூப்லைட்டில் மங்கலாக எடுத்திருந்தாலும் சரி. முதலில் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணில் பதித்த அச்சு லேசாக நகர்ந்தாலே முகம் மாறிவிடும். அப்புறம் முடியில் ஒட்டுக்கோடு, உடை ஓரத்தில் வழிந்த வண்ணம். ஒரே குறை நாலு பேர் படத்தில் அதே இடத்தில் இருந்தால், அது தயாரிப்பிலேயே உள்ள குறையாகத்தான் இருக்கும். தோல் எண்ணெய் பூசியதுபோல் மின்னினால் போலியோ என்று சந்தேகிக்கலாம்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தைவிட "சாய்கிறது" என்ற சொல்லைத்தான் தேடுவேன். ஃபிகர் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் இளகும். குளிர் நாட்டுக்காரர் "அசையவே இல்லை" என்று எழுதியது, மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் காட்பாடி மொட்டைமாடி அறைக்குப் பொருந்தாது. ஒற்றைக்காலில் நிற்பதென்றால் இன்னும் யோசியுங்கள்.

விற்பவர் கம்பெனி படம் மட்டும் போட்டிருந்தால், பெட்டியோடு அவரே எடுத்த படம் கேளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.