உறைப்புக் கறிக்கு ஏற்ற வைன் சொல்லும் கடை

பரிஸில் வைன் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் "இன்றைக்கு வீட்டில் நண்டுக்கறி, நல்ல உறைப்பு, எதைக் கொண்டுபோகலாம்?" என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து, எண்ணெய் அதிகமா, புளி விடுவீர்களா, தேங்காய்ப்பால் சேருமா என்று திருப்பிக் கேட்கிற கடை அதிகமில்லை. சான் ஜெர்மேன் தே ப்ரே பக்கம், பியூசி வீதிச் சந்தடிக்குக் கிட்டவே இருக்கும் லா தெர்னியேர் கூத் அப்படிப்பட்ட கடை.

சின்னக் கடைதான். தாங்களே திராட்சை வளர்த்துத் தாங்களே வைன் செய்யும் தோட்டக்காரர்களின் போத்தல்களைத்தான் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் சுவைத்துப் பார்க்கலாம், அதற்குக் காசில்லை, பல தடவை வைனைச் செய்தவரே வந்து நின்று ஊற்றித் தருவார். பிரெஞ்சு தடுமாறினால் ஆங்கிலத்தில் கதைக்கலாம்.

நம்மவர்களின் விருந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போர்தோ சிவப்பு வைனைத்தான் வாங்கிப் போகிறோம், பெயர் தெரிந்த வைன், மரியாதையாகவும் இருக்கும் என்று. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்ட ஆட்டுக்கறியோடு அதைக் குடித்தால் இரண்டுமே கெட்டுப்போகும். மதுசாரம் கூடக்கூட மிளகாயின் எரிவும் கூடும், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு உறைப்போடு சேர்ந்து நாக்கில் கசப்பாக நிற்கும். இதை எனக்குப் பொறுமையாக விளக்கியது இந்தக் கடைதான், அதுவும் வெறும் பேச்சில் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் கொடுத்து.

ஆட்டுக்கறிக்கு அவர்கள் காட்டியது போஜொலே பகுதியின் சிவப்பு வைன். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை ஊரெல்லாம் விற்கும் புது வைன் இல்லை. அதே பகுதியில் தனிப்பெயர் பெற்ற 10 இடங்களில் ஒன்றான ஃப்ளெரியிலிருந்து வந்தது. கமே என்ற திராட்சை, துவர்ப்புக் குறைவு, பழவாசனை தூக்கலாக இருக்கும். பிரிட்ஜில் ஒரு அரைமணி வைத்துவிட்டுக் குடித்தால் கறியோடு அப்படிப் பொருந்துகிறது. நண்டுக்கறிக்கு லுவார் ஆற்றங்கரை வெள்ளை வைனான வூவ்ரே, அதில் தெமி-செக் வகை. லேசான இனிப்பு எரிவைத் தணிக்கும், தேசிக்காய் பிழிந்ததுபோன்ற புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெட்டும். வூவ்ரே வாங்கும்போது கவனம் தேவை. ஒரே பெயரில் இனிப்பே இல்லாததும் வரும், தேனாக இனிப்பதும் வரும், லேபிளைப் பார்த்து மட்டும் எப்போதும் தெரியாது, அங்கேதான் கடைக்காரரின் நாக்கு உதவுகிறது. மீன் பொரியலுக்கு மஸ்கதே. மெலிந்த, லேசாக உப்புச் சாயலுள்ள வெள்ளை வைன், விலையும் குறைவு. அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்த்ரமினேர் வெள்ளை வைன் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. இந்தியச் சாப்பாடு என்றாலே எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் ரோஜாவும் லிச்சிப் பழமுமாக வாசனை அடிக்கிற அந்த வைன் கறிவேப்பிலை, பெருஞ்சீரக மணத்தோடு மல்லுக்கு நிற்கிறது.

சனிக்கிழமைச் சுவைப்பில் ஒரே தோட்டக்காரரின் வைன்களை வரிசையாகக் குடித்துப் பார்ப்பதுதான் பெரிய பயன். ஒரே திராட்சை, ஒரே கை, ஆனால் ஒன்று சுண்ணாம்பு மண், இன்னொன்று களிமண், அந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் எவ்வளவு படித்தாலும் வாயில் வைத்தால்தான் பிடிபடும். அந்த வருடம் ஆலங்கட்டி மழை எவ்வளவு கொண்டுபோனது, எந்த வாரம் அறுவடை என்றெல்லாம் கேளுங்கள், தோட்டக்காரர்கள் ஆசையாகச் சொல்வார்கள். துப்புவதற்குப் பாத்திரம் இருக்கும். கூச்சப்படாமல் துப்புங்கள், வைன் செய்தவரே துப்புவார், விழுங்கிக்கொண்டே போனால் நாலாவது கிளாசில் நாக்கு மரத்துவிடும்.

சுப்பர்மார்க்கெட்டில் 5 யூரோவுக்கு வாங்கிப் பழகியவர்களுக்கு விலை அதிகமாகத் தெரியும், அது உண்மைதான். நான் பெரும்பாலும் 15 முதல் 25 யூரோவுக்குள் வாங்குகிறேன், அந்த விலைக்கு அங்கே நல்ல வைன் கிடைக்கிறது. எவ்வளவு செலவழிக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் யாரும் தள்ளிவிடுவதில்லை. பின்னேரம் கூட்டம் சேரும், தோட்டக்காரரோடு நின்று கதைக்க விருப்பமென்றால் கொஞ்சம் முன்னதாகவே போங்கள், அப்புறம் என்ன சமைக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள்.